இலந்தைப்பேரிக்கு மேலே நின்ற சத்தம்

இலந்தைப்பேரி ஊருக்குக் கிழக்கே, சண்முகக்கனியின் எள்ளுக்காட்டுக்கு நேர் மேலே, ஓர் எஞ்சினின் சத்தம் எஞ்சின் இல்லாமலே ஆறு வருஷம் நின்றது. ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த நேரத்தில் அது வந்தது. வந்த சத்தம் போய்விடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், போகவில்லை. யாரோ மோட்டாரை நிறுத்தாமல் போய்விட்டான் என்று நினைத்து, ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காதவனின் பெயரைச் சொல்லி அவன் கிணற்றுக்குப் போய்ப் பார்த்தார்கள். பதினான்கு கிணறும் பார்த்து, பதினான்கு மோட்டாரும் சும்மா கிடக்கக் கண்டு, கடைசிக் கிணற்று மேட்டில் ஏறி நின்று மூச்சு வாங்கியபோதுதான் ஊர்த்தலைவர் வேலாண்டி அண்ணாந்து பார்த்தார். மேலே வெயிலும் கிழக்கே ஓடும் மேகமும் தவிர ஒன்றும் இல்லை. அந்த ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து, வயலுக்கு மருந்தடிக்கும் மிஷினைப் பத்து மடங்கு பெரிதாக்கியதுபோல, சத்தம் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. “மேலதான் கெடக்கு,” என்றார் வேலாண்டி. கிடக்கும் இடம் தெரிந்துவிட்டதால் எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அந்தச் சத்தம் ஞானதிரவியத்தினுடையது.

ஞானதிரவியம் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவர். கணவாய்க் காற்று வந்து விழுகிற அந்தப் பொட்டலில் நிற்கும் காற்றாலைகளில் பாதிக்கு மேல் அவர் கை பட்டவை. ஊரிலிருந்து ஒரு மைல் தள்ளி, யுத்தகாலத்தில் விமானங்களுக்காகப் போட்டு, பிறகு மிளகாய் காயப்போட மட்டும் உதவிய ஒரு பழைய ஓடுதளம் இருந்தது. அங்கே ஒரு தகரக் கொட்டகையில் அவரும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து ஒரு கிளைடர் வைத்திருந்தார்கள். தரையில் நிற்கும் வின்ச் என்கிற இழுவை மிஷின் கயிற்றால் இழுத்து மேலே எறிந்துவிட்டால், அதன்பின் எழும்பி வருகிற காற்றைத் தேடித் தேடி அதிலேயே மிதக்கிற, இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரக்கூடிய விமானம் அது. அதன் முதுகுக்குள், பின்சீட்டுக்கு அடுத்தாற்போல், ஒரு சின்ன எஞ்சின் மடித்து வைக்கப்பட்டிருந்தது. காற்று கைவிட்டுவிட்டால் பொத்தானை அழுத்தி அதை வெளியே நிமிரவைத்து, அது சுழற்றும் விசிறியின் பலத்தில் வீடு வந்து சேரலாம். மெதுவாக ஓட்டுவது, வேகமாக ஓட்டுவது என்பதெல்லாம் அதற்கு இல்லை. ஓடினால் முழு மூச்சில் ஓடும், இல்லையென்றால் மடங்கிக் கிடக்கும்.

சனிக்கிழமைதோறும் அவர் பறந்துவிட்டு வந்து, மேலே எப்படி இருந்தது என்று மனைவி பியூலாவிடம் சொல்லுவார். மேலே சத்தமே கிடையாது, நம்முடைய மூச்சு நமக்கே கேட்கும் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுவார். சொல்லிக்கொண்டே டிவியைப் போடுவார். சத்தம் இல்லாத இடத்தைப் பற்றி அத்தனை பெருமையாகப் பேசிய மனிதர் வீட்டில் ஒரு நிமிஷம்கூடச் சத்தம் இல்லாமல் இருக்கவிட்டதில்லை. மகள் கல்யாணமாகிப் போனபின் இரண்டே பேர் இருந்த அந்த வீட்டில் பியூலா எதையோ சொல்ல வாயெடுக்கிறாள் என்று தெரிந்தால் போதும், அவர் கை ரிமோட்டையோ, போனையோ, கொல்லைப்புறத்து டிரில்லிங் மிஷினையோ தேடிப் போய்விடும். அதை அவர் திட்டமிட்டுச் செய்தாரா என்று பின்னாளில் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டார். இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் கை போகிற இடம் மனசுக்குத் தெரியாமலா இருக்கும்?

அந்த ஆனி மாதச் சனிக்கிழமை காலையில், கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் முதல்தடவையாக, பியூலா தானும் வருவதாகச் சொன்னாள். “சத்தமே இல்லாத எடம்னு சொல்வீங்கல்ல. நானும் பார்க்கேன்,” என்றாள். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆயிரத்து இருநூறு மீட்டர் உயரத்தில், ஒரு மேகத்தின் அடியில், அவர் சொன்னதுபோலவே சத்தமில்லாமல் இருந்தது. பின்சீட்டிலிருந்து பியூலா, “உங்ககிட்ட ஒண்ணு...” என்று ஆரம்பித்தாள். சரியாக அந்த நேரத்தில் காற்று கைவிட்டது, ஏற்ற இறக்கம் காட்டும் முள் கீழே இறங்கியது. கொஞ்சம் தேடியிருந்தால் பக்கத்திலேயே வேறு காற்று கிடைத்திருக்கும். அவர் தேடவில்லை. எஞ்சினை நிமிர்த்தி, மூக்கைக் கீழே தாழ்த்தி, வேகத்தில் விசிறியைச் சுழலவிட்டு, முடுக்கிவிட்டார். உலகமே அந்தச் சத்தத்துக்குள் போய்விட்டது.

முன்சீட்டில் உட்காருகிறவருக்கு எதிரே ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. முதுகுப்பக்கம் நிற்கிற விசிறியைப் பார்ப்பதற்காக வைத்தது. அதில் விசிறியும் தெரியும், விசிறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரின் முகமும் தெரியும். பியூலாவின் உதடு அசைவதை அவர் ஒருதடவை பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடிப் பக்கமே பார்க்கவில்லை. வீடு சேரத் தேவையான உயரத்துக்கு நான்கு நிமிஷம் ஓடினால் போதும். அவர் பதினொரு நிமிஷம் ஓடவிட்டார்.

எஞ்சினை நிறுத்தி மடக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் எஞ்சினுக்குப் போகும் தீப்பொறியை அணைக்க வேண்டும், விமானத்தின் வேகத்தைக் குறைக்க வேண்டும், விசிறி ஓய்ந்து செங்குத்தாக நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும், சூடு தணியக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், அதன் பிறகே மடக்குகிற பொத்தானைத் தொட வேண்டும். மற்ற நான்கு பேருக்கும் இதைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். கண்ணாடியில் பார்க்காமல் மடக்குகிறவனுக்கு இந்தக் கொட்டகையில் இடமில்லை என்று சுவரில் எழுதிப்போட்டவரும் அவர்தான். அன்றைக்குக் கண்ணாடியில் பார்த்தால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால், விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, அவர் பார்க்காமல் மடக்கினார். முதுகின் கதவுகள் பொட்டென்று மூடிக்கொண்டன. எஞ்சின் உள்ளே வந்துவிட்டது, அதன் சத்தம் வெளியே மாட்டிக்கொண்டது. விமானம் முன்னே போய்க்கொண்டே இருந்ததால் சத்தம் பின்தங்கித் தேய்ந்து மறைந்தது, நின்றுவிட்டது என்றே அவர் நினைத்தார்.

“என்னமோ சொன்னியே?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்ல,” என்றாள் பியூலா. “எறங்குங்க.”

அடுத்த சனிக்கிழமை எஞ்சினை ஓட்டிப் பார்த்தபோது அது ஓடியது, விசிறி சுற்றியது, விமானம் ஏறியது, ஆனால் ஒரு சத்தமும் வரவில்லை. கொட்டகையில் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. வின்ச் ஓட்டும் லாசர் மட்டும், ஊமை எஞ்சினை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று மாலை வேலாண்டி ஒரு பழைய மொபெட்டில் வந்து, செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“சார், உங்க சத்தம் ஒண்ணு எங்க ஊர்ல நிக்கி,” என்றார். “எடுத்துட்டுப் போறதுன்னாலும் சரி, கெடக்கட்டும்னாலும் சரி. ஆனா யாருதுன்னு தெரியணும்லா.”

ஞானதிரவியம் அவரோடு போய் எள்ளுக்காட்டில் நின்று கேட்டார். தன் எஞ்சின் என்று முதல் நொடியிலேயே தெரிந்தது. பதினொரு நிமிஷம் பியூலா பேசிய எல்லாம் அதற்குள் இருக்கிறது என்பதும் தெரிந்தது, நெல்லுக்குள் அரிசி இருப்பது தெரிவதுபோல. அதே இடத்துக்குப் போய், அதே எஞ்சினை ஓட்டி, முறைப்படி நிறுத்தினால் சத்தம் ஓய்ந்துவிடும், அவள் சொன்னது வெளியே வந்துவிடும். வருகிற வாரம் எடுத்துவிடுகிறேன் என்று வேலாண்டியிடம் சொன்னார். அடுத்த வாரம் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. உங்களோடு இனி இருக்க முடியாது என்று அவள் சொல்லியிருந்தால்? அது மேலேயே கிடக்கட்டுமே என்று ஒரு மனம் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஊர் அதற்குள் சத்தத்துக்குப் பழகிவிட்டது. நாய்கள் மூன்றாம் நாள் குரைப்பதை விட்டன. மின்வாரியத்து ஆள் வந்து, அங்கே கம்பியே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்து, பார்வைக்கு ஒன்றும் புலப்படவில்லை என்று எழுதி, காதுக்குப் புலப்பட்டதை எழுதக் காகிதத்தில் இடம் இல்லாததால் அதோடு முடித்தார். பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு அந்தத் தாளத்துக்கு வந்து சேர்ந்தது. கோயில் கொடைவிழாவுக்கு வந்த மேளக்காரர்கள் முதல் வருஷம் முறைத்துக்கொண்டார்கள், இரண்டாம் வருஷம் அதையே சுருதியாக வைத்துக்கொண்டு, சுருதிப்பெட்டியை வீட்டிலேயே விட்டு வந்தார்கள். பெண் பார்க்க வெளியூரிலிருந்து வந்தவர்கள் இது என்ன சத்தம் என்று கேட்டால், ஊர்க்காரர்கள், எந்தச் சத்தம் என்று திருப்பிக் கேட்டார்கள்.

சத்தத்துக்கு நேர் அடியில், எள்ளுக்காட்டில், ஒருவர் பேசுவது பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூடக் கேட்காது. இதை முதலில் பயன்படுத்திக்கொண்டது ஒரு மருமகள்தான். எட்டு வருஷமாகச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்ல மாமியாரை அங்கே கூட்டிப் போனாள், நேருக்கு நேர் நின்று சொல்லித் தீர்த்தாள். மாமியாருக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. ஆனால் வாயையும் கண்ணையும் பார்த்து இது தனக்குச் சொல்லப்படுகிறது என்று தெரிந்தது. முடித்தபின் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேர்ந்து கறி வைத்தார்கள். அதன்பிறகு ஒருவர் பின் ஒருவராகப் போக ஆரம்பித்தார்கள். தம்பியின் வரப்புக்கல்லை நகர்த்திவைத்த அண்ணன் தம்பியைக் கூட்டிப்போய்ச் சொன்னான், திரும்பி வந்து மறுநாள் கல்லைப் பழைய இடத்தில் நட்டான். காதலைச் சொன்னவர்கள் உண்டு, சண்டையைச் சொன்னவர்கள் உண்டு, மன்னிப்பைச் சொன்னவர்கள்தான் அதிகம். எள்ளை மிதிக்காமல் வருவதற்குச் சண்முகக்கனி ஒரு தடம் விட்டுக்கொடுத்தாள். நாளாக ஆக அதற்கு ஒரு சட்டமும் வந்துவிட்டது. எள்ளுக்காட்டில் சொன்னால் சொன்னதுதான், காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும். அங்கே சொன்னதைத் திருப்பிக் கேட்கவும் கூடாது, திருப்பிச் சொல்லவும் கூடாது.

அப்படியென்றால் பியூலா மேலே சொன்னதும் சொன்னதுதானா? இந்தச் சட்டம் ஞானதிரவியத்தின் காதுக்கு வந்தபோது பியூலா வீட்டில் இல்லை. ஆனி போய்க் கார்த்திகை வரை அவள் அதே வீட்டில் சமைத்தாள், துவைத்தாள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனாள், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கோயம்புத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லி, இரண்டு பைகளோடு பஸ் ஏறினாள். சண்டை இல்லை. பஸ் ஸ்டாண்டில் அவருக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவர் போன் செய்து, மேலே வைத்து என்ன பேசினாய் என்று கேட்டேவிட்டார்.

“அன்னைக்கே பேசியாச்சு,” என்றாள் பியூலா. “அத ஒருதடவ பேசுறதுக்குத்தான் அவ்வளவு ஒசரம் வந்தேன். ரெண்டாந்தடவைக்கு எனக்குத் தைரியம் இல்ல.”

அதற்கப்புறம் அவர்கள் பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொண்டார்கள், மகளைப் பற்றி, மழையைப் பற்றி. அவர் ஒவ்வொரு ஆனியிலும் இந்த வருஷம் எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தார். சனிக்கிழமைகளில் இலந்தைப்பேரியின் மேலே வரும்போது வளைந்து விலகிப் போனார்.

ஆறாவது வருஷம் கொட்டகையில் இருந்த மற்ற நான்கு பேரில் இரண்டு பேர் வெளியூர் போய்விட்டார்கள், ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தது. கிளைடரை வடக்கே ஒரு சங்கத்துக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. செவ்வாய்க்கிழமை லாரி வரும். அது போய்விட்டால் அந்தச் சத்தத்தை எடுக்க வேறு எஞ்சினால் முடியாது, பியூலா சொன்னது என்றைக்கும் எள்ளுக்காட்டுக்கு மேலேயே கிடக்கும். ஞானதிரவியம் வேலாண்டியிடம் போய், ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

ஊர் கூடியது. சத்தம் போய்விட்டால் மேளத்துக்கு என்ன சுருதி என்று ஒருவர் கேட்டார். இனிமேல் பேச வேண்டியதை எங்கே போய்ப் பேசுவது என்று சில பெண்கள் கேட்டார்கள். ஆனால் எல்லோருக்கும் இருந்த பயம் வேறு. சத்தம் ஓய்ந்தால், இத்தனை வருஷம் அதன் அடியில் நின்று சொன்னதெல்லாம் வெளியே கேட்டுவிடுமோ? வேலாண்டி வெகுநேரம் யோசித்து, நாம் பேசியது தரையில் நின்று பேசியது, அது தரையோடு போயிருக்கும், மேலே இருப்பது சாருடையது, அவருடைய பொருளை அவர் எடுக்கும்போது நாம் தடுக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னார். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை, ஒருவரும் நம்பவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஊரில் பாதிப் பேருக்கு வெளியூரில் திடீரென்று கல்யாணம் இருந்தது. வேலாண்டியே சட்டை மாற்றிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை போய், என்ன நினைத்தாரோ, திரும்பி வந்தார்.

ஞானதிரவியத்துக்கு அன்று காற்று நன்றாகக் கிடைத்தது. சத்தத்தை நோக்கிப் பறந்து, அது காதில் பலக்கப் பலக்க நெருங்கி, அதன் நடுவில் புகுந்ததும் எஞ்சினை நிமிர்த்தி ஓடவிட்டார். ஊமை எஞ்சின் தன் சத்தத்தைக் கண்டுகொண்டு, கன்று மடியைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டது. இருக்கையும் கம்பியும் அவர் பல்லும் அதிர்ந்தன. இந்தத் தடவை அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். பொறியை அணைத்தார். வேகத்தைக் குறைத்தார். கண்ணாடியில் பார்த்தார். காலியான பின்சீட்டுக்குப் பின்னால் விசிறி தளர்ந்து, ஒருதடவை இந்தப் பக்கம் ஆடி, ஒருதடவை அந்தப் பக்கம் ஆடி, செங்குத்தாக நின்றது. சூடு தணியக் காத்திருந்து மடக்கினார். சத்தம் ஓய்ந்தது, ஆறு வருஷத்துக்குப் பிறகு.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். இருக்கையை மூடிய கண்ணாடிக் கூண்டின் மேல் உரசுகிற காற்று மட்டும் கேட்டது. அப்போதுதான், இத்தனை வருஷம் இதைப் பற்றி யோசித்தும் தோன்றாத ஒன்று அவருக்குத் தோன்றியது. கிளைடரால் ஓரிடத்தில் நிற்க முடியாது, அது முன்னே போய்க்கொண்டே இருக்கும். சத்தத்தின் பிடி விட்ட சொல் மேலே நிற்காது, கீழே விழும். அவர் விமானத்தை வெட்டித் திருப்பினார். அதற்குள் எள்ளுக்காட்டில், பயந்தும் ஊரைவிட்டுப் போகாத ஒரு முப்பது நாற்பது பேர், ஒருவர்கூட அசையாமல், அண்ணாந்தபடி நிற்பது தெரிந்தது. மேலிருந்து பார்க்க, அவர்கள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள்.

ஓடுதளத்தில் இறங்கிக் கிளைடரின் பக்கத்தில் காத்திருந்தார். காட்டுக்குள்ளாக நடந்து அவர்கள் வந்து சேர அரைமணி நேரம் ஆனது. வேலாண்டி முன்னால் வந்தார், சண்முகக்கனி அவருக்குப் பின்னால் வந்தாள். ஊர்ப் பேச்சு ஒன்றும் மேலிருந்து விழவில்லை என்று வேலாண்டி சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

“என் வீட்டுக்காரி பேசுனது விழுந்துச்சா?” என்று கேட்டார் ஞானதிரவியம்.

விழுந்தது என்று தலையாட்டினார்கள்.

“என்ன சொன்னா?”

வேலாண்டி சண்முகக்கனியைப் பார்த்தார். “எள்ளுக்காட்டுல சொன்னதத் திருப்பிச் சொல்லக் கூடாதுல்லா, சார்,” என்றாள் சண்முகக்கனி, தணிந்த குரலில். அந்தச் சட்டமே தன்னுடைய சத்தத்தின் அடியில் உண்டானதுதானே, தன்னால்தானே என்று அவர் கெஞ்சிப் பார்த்தார். “அதனாலதான் சார் மீற முடியல,” என்றார் வேலாண்டி. அந்தச் சட்டத்தை நம்பி அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லிவைத்தது எவ்வளவோ இருந்தது. ஒன்றைத் திறந்தால் எல்லாம் திறந்துகொள்ளும்.

சண்முகக்கனிதான் கடைசியில், சட்டத்தின் ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டு பேசினாள். “ஒண்ணு சொன்னா தப்பில்லன்னு நெனைக்கேன். அம்மா எதையும் சொல்லல, சார். கேட்டாவ. ஒரே கேள்வி. மூணுதரம் கேட்டாவ. ஒவ்வொரு தரமும் கேட்டுட்டு, நீங்க பதில் சொல்ல எடம் விட்டுட்டு, பெறகு கேட்டாவ.”

ஞானதிரவியம் இறக்கையில் கையை ஊன்றிக்கொண்டார். ஆறு வருஷமாக அவர் ஒரு தீர்ப்புக்குப் பயந்திருந்தார், போகிறேன் என்றோ, வெறுக்கிறேன் என்றோ, வேறு யாரோ இருக்கிறார் என்றோ ஒன்று அந்தச் சத்தத்துக்குள் இருப்பதாக நினைத்து அதைச் சுற்றி வளைந்து வளைந்து பறந்திருந்தார். அங்கே இருந்ததெல்லாம் ஒரு கேள்வியும், அதைத் தொடர்ந்து ஒரு மௌனமும், மறுபடி அதே கேள்வியும். அந்த மௌனத்தில் அவள் காதில் விழுந்த பதில் எஞ்சின் சத்தம். பதினொரு நிமிஷம் அதைப் பதிலாகக் கேட்டுவிட்டு அவள் ஒண்ணுமில்ல என்றாள், ஐந்து மாதம் கழித்து அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

அவர் கொஞ்சம் தள்ளிப் போய், காயப்போட்ட மிளகாய்க்கு நடுவில் நின்று, கோயம்புத்தூருக்குப் போன் செய்தார்.

“ஆமா,” என்றார்.

“என்ன ஆமா?” என்றாள் பியூலா.

“நீ கேட்டதுக்கு.”

“நான் என்ன கேட்டேன்?”

“தெரியாது. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. நீ மூணுதரம் கேட்டதா மட்டும் சொன்னாங்க.”

அந்தப் பக்கம் பெண்பிள்ளைகள் சாப்பிடத் தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டது. அவர் காத்திருந்தார். எதையும் திருகவோ அழுத்தவோ போகாமல், கையைச் சும்மா தொங்கவிட்டுக் காத்திருந்தார்.

“அன்னைக்கு இதச் சொல்லியிருக்கலாம்,” என்றாள் பியூலா. அவள் குரலில் கோபம் இல்லை, அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “என்ன கேட்டேன்னு தெரியாமச் சொல்லியிருந்தாக்கூடப் போதும்.” பிறகு, பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவர் திரும்பி வந்தபோது ஊர்க்காரர்கள் கிளைடரைக் கொட்டகைக்குத் தள்ளத் தயாராக நின்றார்கள். லாசர் வாலைப் பிடித்தான், வேலாண்டியும் ஆண்களும் உடம்பில் கை வைத்தார்கள், ஒரு பக்கத்து இறக்கையின் நுனியைச் சண்முகக்கனி பிடித்துக்கொண்டாள், மறுபக்கத்து நுனியை ஒரு காலத்தில் மாமியாரைக் கூட்டிப்போன அந்த மருமகள் பிடித்துக்கொண்டாள். கேள்வி தெரிந்த அத்தனை பேரும் தள்ள, அது தெரியாத அவர் மூக்கைப் பிடித்து வழிகாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். மிளகாயை மிதிக்காமல், மெதுவாக, ஒருவரும் ஒன்றும் பேசாமல் போனார்கள். தரையில் சக்கரம் உருளுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.